இரண்டாவது தும்மல்

மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு தூங்கு என்று ஒரு டாக்டர் சொன்னால், நீங்கள் மாட்டிக்கொண்டு தூங்கிப் பார்த்திருக்கிறீர்களா என்று முதலில் கேட்க வேண்டும். நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுக் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருதும்மா. ஒவ்வொரு தடவையும் ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவு இறங்குது பாருங்க. இதயம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு ஓடியது. பள்ளங்கள்தான் அதிகம். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் பெயர் திலகவதி. வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. பால் ஆலையில் இரவு வேலை. ஆலை என்று பெயர்தான், உள்ளே ஆள் கிடையாது. டேங்கர் தானாக வந்து நிற்கும், தானாகப் பால் இறங்கும், சூடாகி, ஆறி, பாக்கெட்டுக்குள் அடைந்து, ஓட்டுநர் இல்லாத வண்டியில் ஏறிப் போய்விடும். ஆனாலும் கடைசியில் ஒரு மனித மூக்கு அதை முகர்ந்து பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இன்னும் ஒரு வரி மிச்சம் இருக்கிறது. அந்த மூக்கு என்னுடையது. ராத்திரி முழுக்க ஒரு மனித முகத்தைப் பார்க்காமல் முகர்ந்துவிட்டு, ஊரெல்லாம் பல் துலக்குகிற நேரத்தில் வீட்டுக்கு வந்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுப்பேன்.

குறட்டை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஆம்பளை குறட்டை விட்டால் பாவம், அசதி என்பார்கள். பொம்பளை விட்டால் ஆள் கூட்டி வைத்துச் சிரிப்பார்கள். சித்தி மகள் கல்யாணத்தில் மண்டபத்தில் படுத்தவளை, பிள்ளைகள் போனில் பதிவு செய்து காலைப் பந்தியில் போட்டுக் காட்டின. சாம்பார் வாளியோடு நின்ற ஆளும் சிரித்தார். அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் நான் ராத்தங்கல் கிடையாது. ரயிலில் படுக்கை எடுத்தது கிடையாது. விடுதியில் இருந்தபோது அறையில் கூட இருந்த இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேறு அறைக்குப் போனார்கள். காற்றோட்டம் போதவில்லை என்றார்கள். எனக்குத் தெரியாதா? பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்லலாமா வேண்டாமா என்று வீட்டில் பேசிப் பேசியே என் கல்யாண வயது போய்விட்டது. கடைசியாக யாராவது என் பக்கத்தில் படுத்துத் தூங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நல்மூச்சு என்ற நிறுவனத்திலிருந்து கருவியைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தவள் ரெஜினா. முப்பது வயதிருக்கும். ஸ்கூட்டரில் வந்தாள். முகமூடியை என் மூக்கில் வைத்து, பட்டைகளைத் தலைக்குப் பின்னால் இழுத்து மாட்டி, கருவியின் சின்னத் தொட்டியில் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றினாள். காற்று உள்ளே வந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. பிய்த்து எறிந்தேன்.

"எல்லாரும் முதல் நாள் இதைத்தான்க்கா செய்றாங்க" என்றாள் அவள், தரையிலிருந்து எடுத்துத் துடைத்தபடி. "காத்தோட சண்டை போடாதீங்க. வாயை மூடிக்கிட்டு, அது தர்றதை வாங்கிக்குங்க."

முதல் வாரம் சொல்லி மாளாது. கன்னத்தில் பட்டைத் தழும்பு. மூக்கோரத்தில் காற்று கசிந்து விசில் அடிக்கும். வாய் காய்ந்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டும். வயிற்றுக்குள் காற்று போய் நாள் முழுக்க ஏப்பம். வெளியே காய்கறி வண்டிக்காரன் ஒலிபெருக்கியில் கத்தரிக்காய் விற்பான், எதிர்வீட்டுக் குக்கர் கத்தும், நான் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ரெஜினாவுக்குப் போன் செய்து, இந்தச் சனியனை வந்து எடுத்துக்கொண்டு போ என்றேன்.

அவள் வந்தாள். ஆனால் எடுத்துப் போக வரவில்லை.

"துணைமூச்சு போட்டு விடறேன்க்கா. ஆரம்பத்துல இருக்கறவங்களுக்கு மட்டும்தான் இது. இதே நேரத்துல இன்னொருத்தங்க முகமூடி போட்டுத் தூங்குவாங்க. அவங்க மூச்சு உங்க குழாய்ல லேசா வரும். அவங்க இழுக்கும்போது உங்க காத்து கொஞ்சம் ஏறும், விடும்போது இறங்கும். உங்க மூச்சு தன்னால அதோட போய்ச் சேந்துக்கும்."

"யாரு அது?"

"பேரு, ஊரு எதுவும் சொல்லக் கூடாது. பழகின ஆளுங்க. உங்க மூச்சும் அவங்களுக்குப் போகும், அப்பதான் உங்களுக்கு ஏத்தபடி விடுவாங்க. பேச்சு மட்டும் போகாது. பேசினீங்கன்னா கருவி அதை வெட்டிடும்."

"என் குறட்டை?"

"முகமூடி போட்டா குறட்டை ஏதுக்கா?" என்று சிரித்தாள்.

அன்று காலை படுத்துக் கண்ணை மூடினேன். வந்தது. தூரத்தில் யாரோ நிதானமாக மூச்சு இழுக்கிற சத்தம், கூடவே என் மூக்கில் காற்று கொஞ்சம் ஏறியது. பிறகு ஒரு சின்னத் தயக்கம், பெருமூச்சு விடப் போய் வேண்டாம் என்று நினைத்த மாதிரி. அப்புறம் நீளமாக வெளியே விட்டது. நான் பாட்டுக்கு அதோடு போனேன். கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முகமூடி முகத்திலேயே இருந்தது. எழுந்து உட்கார்ந்து அழுதேன். தூக்கம் நன்றாக வந்ததற்கு அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு ஆலையில் விடியும்வரை அந்த மூச்சைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் குளித்து, இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு, மாட்டிக்கொள்வேன். சில நாள் அது எனக்கு முன்னாலேயே வந்திருக்கும். சில நாள் நான் காத்திருப்பேன். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. "ஆள்" என்று மட்டும் மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்டேன். ஆள் வந்தாச்சு. ஆள் அசந்துட்டார்.

ஒருநாள் எனக்குத் தும்மல் வந்தது. ஆலைக் குளிரின் வேலை. முகமூடிக்குள் தும்மினால் எப்படி இருக்கும் என்று தும்மினவர்களுக்குத்தான் தெரியும். ஒரு தும்மல் போட்டுவிட்டு மூக்கை உறிஞ்சும்போதுதான் கவனித்தேன், அந்தப் பக்கம் மூச்சு நின்றிருந்தது. நின்றது என்றால் நோயில் நிற்கிற நிற்றல் இல்லை. பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிற மூச்சு. எனக்கு இரண்டாவது தும்மல் வந்தது. உடனே அங்கே நிம்மதியாக மூச்சை விட்டார் ஆள்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்கள் வீட்டில் ஒற்றைத் தும்மல் ஆகாது. யாராவது வெளியே கிளம்பும்போது ஒரு தும்மல் விழுந்தால் போச்சு, ஒருத்தரும் வாசலைத் தாண்டக் கூடாது. இரண்டாவது தும்மல் வரும்வரை நிற்க வேண்டும். வராவிட்டால் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, கொஞ்சம் பொறுத்துத்தான் போக வேண்டும். இதற்காக அப்பா ஒரு தடவை பஸ்ஸையே விட்டிருக்கிறார். அந்தப் பக்கம் இருக்கிறவரும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர்தான். இரண்டு நாள் கழித்து அவர் தும்மினார். நானும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். இரண்டாவது வந்ததும் "நூறு" என்றேன். கருவி அதை வெட்டியிருக்கும். பரவாயில்லை, சொன்னது சொன்னதுதானே.

மாதக் கடைசியில் ரெஜினா கைக்கணினியோடு வந்தாள்.

"சூப்பர்க்கா. தினமும் நாலு மணி நேரத்துக்கு மேல ஒரே மூச்சா போட்டிருக்கீங்க. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனா நீங்க தேறிட்டீங்க. துணைமூச்சை எடுத்துடுவாங்க, அப்புறம் கருவி மட்டும்தான்."

"தேறலைன்னா?"

"இன்னொரு மாசம் துணையோட பழகணும்."

அவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மறுநாளிலிருந்து நாலு மணி நேரம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து முகமூடியைக் கழற்றினேன். பக்கத்துத் தொழிற்பேட்டையில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும். ஊதுவதற்கு முன்னால் எழுந்துவிட வேண்டும் என்று உடம்பே பழகிக்கொண்டது. கழற்றி வைத்துவிட்டு, பாதித் தூக்கத்தில் தலை கனக்க உட்கார்ந்திருப்பேன். இதயத்துக்கு ஆகாது என்று தெரியும். ஆளுக்கு என்ன நஷ்டம், அவர் இதற்குச் சம்பளம் வாங்குகிறவராகத்தான் இருப்பார், நான் போனால் அவர் பாட்டுக்குத் தூங்குவார் என்று நினைத்தேன். அந்த மாதம் நான் தேறவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டாவது மாதத்தில் ஆள் ஏமாற்ற ஆரம்பித்தார். சங்கு நெருங்கும்போது, நான் எழுந்து கழற்றுவதற்கும் முன்னாலேயே அந்தப் பக்கம் மூச்சு காணாமல் போகும். நல்ல தூக்கத்தில், பிடித்திருந்த கையை உதறின மாதிரி இருக்கும். திடுக்கிட்டு விழிப்பேன். சாப்பாட்டு நேரம் என்றால் முன்னே பின்னே போகக் கூடாதா? வேலை நேரத்தில் எழுந்து போக இது என்ன சத்திரமா? அப்படியும் பொறுத்துக்கொண்டேன். மாத நடுவில் ஒரு வாரம் ஆள் வரவே இல்லை. வெறும் கருவிக் காற்று மட்டும் வந்தது. எனக்குப் பழைய மாதிரி மூச்சு முட்டியது. ஏழாம் நாள் ரெஜினாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் போனை வைத்துவிட்டு நேரில் வந்தாள்.

"உங்க ஆளு ஒழுங்கா வேலை பாக்கறதில்ல. தினமும் மத்தியானம் டிமிக்கி குடுக்கறார். இப்ப ஒரு வாரமா லீவு. ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "இதே புகார் அந்தப் பக்கத்துல இருந்தும் வந்துச்சுக்கா."

"எந்தப் பக்கம்?"

"துணை ஆள் பாதியில எழுந்து போயிடறாங்க, நடுத்தூக்கத்துல பயந்து முழிக்கறேன்னு. உங்களைப் பத்தி." கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். "ராத்திரி தூங்கறவங்களுக்குத்தான் சம்பளத்துக்கு ஆள் இருக்காங்க. பகல்ல தூங்கறவங்களுக்கு யாரு வருவா? அதனால பழக வந்தவங்களையே ரெண்டு ரெண்டு பேரா இணைச்சு விட்டிருக்காங்க. அவங்களும் உங்களை மாதிரி புதுசு. அவங்களுக்கு நீங்கதான் பழகின ஆளு."

ஒரு மாதமாக நான் எழுந்து எழுந்து போனது யாரை விட்டு என்று அப்போதுதான் உறைத்தது.

"இந்த ஒரு வாரம்?"

"ஆஸ்பத்திரியில இருந்தாங்க. அவங்களுக்கு உங்களைவிட மோசம். முகமூடி இல்லாம தூங்கினதுல இதயம் தடுமாறிடுச்சு. இப்பப் பரவாயில்லை, நாளைக்கு வந்துடுவாங்க." தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கறேன். தூக்கத்துல கை பட்டுக் கழண்டா ஒருநாள் ஒரு நேரத்துல கழலும். தினமும் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி கழலுமா? உங்களுக்கும் அப்படித்தான். அவங்களுக்கும் அப்படித்தான்."

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அந்த ஆளும் தேறக் கூடாது என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறார். எங்கேயோ ஒரு வீட்டில், திரை இழுத்த ஓர் அறையில், தலை கனக்க. என்னைப் பிரிய மனசில்லாமல். என் வாழ்நாளில் யாரும் எனக்காக அப்படி ஒரு முட்டாள்தனம் செய்ததில்லை.

"இனிமே கழட்ட மாட்டேன்" என்றேன். "அவங்ககிட்டயும் சொல்லிடு."

"சொல்ல முடியாதுக்கா. அவங்க என் ஏரியா இல்ல. உங்ககிட்ட இவ்வளவு சொன்னதே என் வேலைக்கு உலை. மூணாவது மாசமும் தேறலைன்னா, கருவிக்குப் பணம் கட்டற இன்சூரன்ஸ்காரங்க அதை எடுத்துடுவாங்க. ரெண்டு பேர் கருவியும் போயிடும்."

"தேறினா?"

"இணைப்பு போயிடும்."

"விட்டுவெச்சா என்னவாம்? யார் குடி முழுகுது?"

"முன்னாடி விட்டுவெச்சாங்க. ஒரு ஜோடியில ஒருத்தர் தூக்கத்துலயே செத்துட்டார். இந்தப் பக்கம் அதைக் கேட்டவங்க அப்புறம் முகமூடியைத் தொடவே இல்லை. அதுலேருந்து யாரையும் சேர்த்து வைக்கறதில்லை."

மறுநாள் காலை ஆள் வந்தார். மூச்சு மெலிந்திருந்தது, அந்தச் சின்னத் தயக்கம் மட்டும் அப்படியே இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. இனி நான் கழற்றப் போவதில்லை. ஆனால் அவர் கழற்றுவாரே, எப்படி நிறுத்துவது? பேசினால் கருவி வெட்டிவிடும். இருமலாம், பெருமூச்சு விடலாம், அதிலெல்லாம் கழற்றாதே என்று எப்படிச் சொல்வது?

சங்குக்குக் கொஞ்சம் முன்னால் அவர் மூச்சு மாறியது. விழித்துக்கொண்டார். பட்டையில் கை போகிற உரசல் கேட்டது. நான் சேலை முனையைத் திரித்து, முகமூடியை ஓரத்தில் தூக்கி, மூக்கில் விட்டு ஒரு திருகு திருகினேன். தும்மல் வந்தது. ஒன்றே ஒன்று.

அந்தப் பக்கம் மூச்சு நின்றது. உரசலும் நின்றது.

இரண்டாவது தும்மல் மூக்கின் நுனிவரை வந்துவிட்டது. மேலுதட்டை விரலால் அழுத்திப் பிடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. விடவில்லை. ஆள் காத்திருந்தார். ஒற்றைத் தும்மலில் எழுந்து போகிற வளர்ப்பு இல்லையே. பிடித்த மூச்சை மெதுவாக விட்டார், மறுபடி இழுத்தார், மறுபடி காத்திருந்தார். சங்கு ஊதியது. ஊதி ஓய்ந்த பிறகும் நான் தும்மவில்லை. காத்திருந்து காத்திருந்து ஆள் தூங்கியே போய்விட்டார்.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். என் மூக்கு புண்ணாகிப் பாலின் வாசனையே சரியாகத் தெரியவில்லை. இரண்டு டேங்கரை அநியாயமாகத் திருப்பி அனுப்பினேன். சில நாள் அவர் தூங்காமல் காத்திருப்பார். அப்போது சங்கு ஊதி நன்றாக நேரமான பிறகு இரண்டாவது தும்மலைக் கொடுப்பேன். ஒரு பெருமூச்சு வரும். அதில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா, எனக்குப் பிடிபடவில்லை. அவரைத் தேற வைக்க நான் தும்மிய ஒவ்வொரு தும்மலும் அவரை என்னிடமிருந்து அனுப்பி வைக்கிற தும்மல். அது தெரிந்துதான் தும்மினேன். வீட்டில் யாரும் இல்லாததால் அழுவதற்கு இடைஞ்சல் இல்லை.

மூன்றாவது மாதம் முடியும்போது ரெஜினா போன் செய்தாள்.

"ரெண்டு பேருமே தேறிட்டீங்கக்கா. நாளைக்குக் காலைத் தூக்கம்தான் கடைசி. நீங்க முகமூடியைக் கழட்டினதும் இணைப்பு போயிடும். கழட்டலைன்னாலும் சாயங்காலம் ஆபீஸ்ல வெட்டிடுவாங்க."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லியிருப்பாங்க."

அன்று எனக்கு முன்னாலேயே ஆள் வந்திருந்தார். இரண்டு பேரும் தூங்கவில்லை. ஆனால் மூச்சு சேர்ந்துதான் போனது. காய்கறி வண்டி வந்தது, போனது. சங்கு ஊதியது. இனி கழற்றினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. வெயில் சுவரிலிருந்து இறங்கியது. எத்தனை நேரம் இப்படியே படுத்திருப்பது, ராத்திரி வேலைக்குப் போக வேண்டாமா, முடிகிறது முடியட்டும் என்று கையைத் தூக்கிப் பின்கழுத்துப் பட்டையைத் தொட்டேன். உரசல் அவருக்குக் கேட்டிருக்கும்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தும்மல் வந்தது.

என் கை அப்படியே நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டாவது வரவில்லை. வரும் என்று இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். மேலுதட்டை விரலால் அழுத்தினால் மூக்கில் ஒரு மெல்லிய அடைப்புச் சத்தம் வரும். மாதம் முழுக்க அந்தச் சத்தத்தை எழுப்பியவள் நான், எனக்குத் தெரியாதா? அங்கே இப்போது அதே சத்தம் கேட்டது.

எல்லாம் தெரிந்துதான் இத்தனை நாளும் காத்திருந்திருக்கிறார்.

கையை இறக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன். ஆலையிலிருந்து போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. தொட்டியில் நீர் தீர்ந்து காற்று சூடாக வந்தது. அசையவில்லை. சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது, அவர் இழுத்த மூச்சை விடுவதற்கு முன்னால், அந்தத் தயக்கம் வருகிற இடத்தில், நிறுவனத்தார் வெட்டிவிட்டார்கள்.

போன வாரம் ரெஜினா வந்தாள். கருவியின் கணக்கைப் பார்த்து அசந்துபோனாள். ஒருநாள் கூட விடாமல், படுத்ததிலிருந்து எழும்வரை முகமூடி முகத்திலேயே இருக்கிறதாம். இவ்வளவு நன்றாகப் பழகிக்கொண்டவர்கள் அவள் ஏரியாவிலேயே வேறு யாரும் இல்லையாம்.

"துணை போனதும் நிறைய பேர் தூக்கி எறிஞ்சிடுவாங்க. நீங்க எப்படிக்கா?"

"எங்க வீட்டுல ஒத்தத் தும்மலுக்கு யாரும் எழுந்து போறதில்லம்மா" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நான் எழுந்துபோய்த் தொட்டியில் தண்ணீர் ஊற்றினேன்.